காலருக்குள் எழுதிய எண்

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே திரும்ப மாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் நிற்பார். ‘மடிப்பு’ என்றால்தான் தலை திரும்பும். உல்லாசக் கப்பலின் சலவைக் கூடத்தில், இஸ்திரி மேஜைக்கு முன்னால் பாதி ஆயுசைக் கழித்தவருக்கு அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலையை விட்டுக் கரைக்கு வந்த பிறகும் உதிரவில்லை. அவர் குடியிருக்கும் மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர்கூட, “என்ன மடிப்பு, இன்னிக்குச் சட்டையில ஒரு சுருக்கம் தெரியுதே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றுதான் கேட்பார்.

அந்தக் கூடம் கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே பொழுது எப்படிப் போகிறது என்பதைத் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அரைக்கால் சட்டையும் மெல்லிய பருத்தி கவுனும் நீச்சல்குளத்துத் துண்டும் வெயில் களிம்பு வாசனையோடு வந்து குவிந்தால் மேலே பொழுது சாய்கிறது. கறுப்புக் கோட்டும் பட்டு டையும் மணி கோத்த நீளக் கவுனும் வந்தால் விடிந்துவிட்டது. கடல் எப்படி இருக்கிறது என்பதையும் துணியே சொல்லிவிடும். அலை தூக்கிப் போட்ட ராத்திரிக்கு மறுநாள் ஒவ்வொரு கோட்டின் மார்பிலும் சூப் வடிந்திருக்கும்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சாயங்காலம் பெரிய விருந்து உண்டு. அன்றைக்கு ஆண்கள் கோட்டு போட்டிருந்தால்தான் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைய முடியும். அந்த நாள் வந்தால் கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. இத்தனை வருஷம் கோட்டுகளை மேலே ஏற்றிவிட்ட மடிப்பு அந்த மண்டபத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சலவை ஆட்கள் விருந்தாளிகள் நடமாடும் தளத்துக்கு ஏறக் கூடாது. எப்போதாவது சாமான் தூக்கப் போக நேர்ந்தாலும், எதிரே விருந்தாளி வந்தால் சுவரோடு முதுகை ஒட்டி நின்று வழிவிட வேண்டும். “மேல அந்த ஹால் எப்படிப்பா இருக்கும்?” என்று பரிமாறுகிறவர்களைக் கேட்பார். “எப்படி இருக்கும், நீ தேய்ச்ச கோட்டெல்லாம் வரிசையா உக்காந்து திங்குது” என்று சிரிப்பார்கள்.

கீழே இன்னொரு வழக்கமும் இருந்தது. விருந்தாளிகளின் துணிக்கு அறை எண் எழுதிய காகிதச் சீட்டு. வேலை செய்கிறவர்களின் துணிக்குக் காலரின் உள்பக்கம் அழியாத மையில் அவரவர் எண். மடிப்பின் எண் நானூற்றுப் பதினேழு. சட்டை, பனியன், சாக்ஸ் எல்லாவற்றிலும் 417. கேட்பாரில்லாமல் விட்டுப்போன விருந்தாளிகளின் துணி கொஞ்ச நாள் அலமாரியில் தொங்கும். பிறகு கேட்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவன் உடனே தன் எண்ணைக் காலரில் எழுதிக்கொள்ள வேண்டும். எண் இல்லாத நல்ல சட்டையோடு துறைமுக வாசலைத் தாண்டினால் திருடன் என்று பிடித்து வைப்பார்கள். எண் இருந்தால் துணி உன்னுடையது, இல்லாவிட்டால் நீ திருடன். மடிப்புக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

அப்படிக் கேட்டு வாங்கிய சட்டைகளில் ஒன்றைக்கூட மடிப்பு போட்டுக்கொண்டதில்லை. எல்லாம் தம்பிக்குப் போயின. அம்மா செத்து, அப்பா வேறு குடும்பம் தேடிப் போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் மடிப்பு கப்பலேறினார். பார்சல் பார்சலாகச் சட்டை வரும். பல் மருத்துவம் படித்த வருஷங்களெல்லாம் தம்பி உடுத்தியது பணக்காரர்கள் மறந்துவிட்டுப் போன சட்டைகளைத்தான். கல்லூரி விடுதியில் அவன் சட்டையைக் கழற்றிப் போட்டபோது ஒருவன் காலரைப் பார்த்துவிட்டு, “டேய், இது எந்த ஜெயிலுடா?” என்று கேட்டிருக்கிறான். அதிலிருந்து படிப்பு முடியும்வரை அவனுக்குப் பெயர் ‘கைதி’. விடுமுறையில் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எத்தனை பங்கு சிரிப்பு என்று அவருக்கு அப்போது கணக்குத் தெரியவில்லை.

தம்பி பல் டாக்டர் ஆனான். பெரிய கட்டடக் காண்ட்ராக்டரின் மகளைக் கட்டிக்கொண்டான். பெண் பேசப் போன இடத்தில், “அண்ணன் என்ன பண்றார்?” என்று காண்ட்ராக்டர் கேட்டார். “கப்பல்ல ஆபீசரா இருக்கார் மாமா” என்று தம்பி நாக்கு கூசாமல் சொன்னான். மடிப்பு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கையிலிருந்த காபியைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார். கல்யாணம் நடந்தால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

சொன்ன பொய் எங்கே போகும்? பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. காண்ட்ராக்டருக்கு எழுபது வயது நிறைகிற பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாடுவது என்று குடும்பத்தில் முடிவானது. “பெரிய மாப்பிள்ளை இல்லாமலா? கப்பலை ஓட்டினவரே அவர்தானே! அவர் வந்தாதான் நான் ஏறுவேன்” என்று ஒற்றைக்காலில் நின்றார் அவர். மருமகனின் அண்ணனையும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிற தாராள மனசு. தம்பிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அண்ணனுக்குப் போன் போட்டான்.

“அண்ணே, வர்றீங்களா? இல்ல, உங்களுக்கு முடியலைன்னா பரவால்ல, நான் சொல்லிக்கிறேன்.”

“அந்தப் பெரிய ஹால்ல விருந்து இருக்காடா?”

“இருக்கும்.”

“அப்ப வர்றேன்.”

“சரிண்ணே” என்றான் தம்பி.

மறுநாள் தம்பி மனைவியின் குரல் செய்தி போனில் வந்து விழுந்தது. நல்ல பெண்தான், எதையும் விளக்கமாகச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. “பெரியத்தான், பகல்ல காட்டன் சட்டை, அரைக்கால் பேன்ட் போதும், ஆனா நீச்சல் டிரஸ்ஸோட சாப்பிடற இடத்துக்கு வரக் கூடாது. தொப்பி வேணும், வெயில் கொளுத்தும். செருப்பு வழுக்காததா எடுங்க. ஏசி குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். சாயங்காலம் முழுக்கைச் சட்டை, நல்ல ஷூ. பெரிய விருந்து ஒரே ஒரு நாள்தான், அன்னிக்குக் கோட்டும் டையும் கண்டிப்பா வேணும். கோட்டு இருக்கில்ல பெரியத்தான்?”

கோட்டு இல்லை. வாழ்க்கையில் இருந்ததே இல்லை. எத்தனையோ ஆயிரம் கோட்டைத் தொட்ட கைகள் ஒன்றைக்கூடத் தன் தோளில் போட்டுப் பார்த்ததில்லை. கீழே தையல்கடைக்கு இறங்கினார்.

“கோட்டா? உனக்கா?” என்று தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். “யாருக்காவது பொண்ணு பாக்கப் போறியா, இல்ல உனக்கேவா?”

“கப்பலுக்கு.”

“திரும்பவும் வேலைக்கா?”

“இல்லப்பா. விருந்தாளியா.”

தையல்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒழுங்காக அளவெடுத்தார். சாம்பல் நிறத் துணி, உள்ளே கருநீலப் பட்டு. தைத்து வந்த அன்று மடிப்பு அதைக் கட்டில்மேல் விரித்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து மைப் பேனாவை எடுத்து, காலரின் உள்பக்கம் அழுத்தமாக 417 என்று எழுதினார். ஏன் எழுதினோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. புதுத் துணி வந்தால் எண் போட வேண்டும், போட்டார். அவ்வளவுதான்.

இது அவர் வேலை பார்த்த கப்பல் இல்லை. அதே நிறுவனத்தின் புதுக் கப்பல். ஏறிய முதல் நாளே, அறைகள் இருந்த நீளமான நடையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எதிரே வர, மடிப்பு சட்டென்று சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கிழவர் குழம்பிப்போய்த் தானும் ஒதுங்கி நின்றார். “அண்ணே, நடங்க” என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

பகல் பொழுதுகளைக் காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டார். பூப்போட்ட சட்டையும் முட்டி தெரியும் பேன்ட்டுமாக மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மடிப்பைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார்.

“நீங்க எந்தத் தளத்துல இருந்தீங்க மாப்பிள்ளை?”

“கீழ்த்தளம்.”

“ஓ, என்ஜினா? ரொம்ப சூடா இருக்குமே!”

“சூடுதான். வியர்த்துக் கொட்டும்.”

“உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?”

மடிப்பு யோசித்தார். “எனக்குக் கீழ கடல்தான்” என்றார். காண்ட்ராக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “பாத்தியா, ஆபீசர்னா பேச்சே தனிதான்!” என்று மகளிடம் சொன்னார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. ஐஸ் கரைந்துபோன தம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் முகம் சொத்தைப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டதுபோல் ஆனது.

விருந்து நாள் காலையில் மடிப்பு பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தார். பின்பக்கம் குறுக்காக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குக் கண்ணில் மணல் விழுந்தது மாதிரி இருந்தது. அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. “பையில போட்டு வெளியில வைங்க பெரியத்தான், கொண்டுபோய்த் தேய்ச்சுச் சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடுவாங்க. அதுக்குத்தானே ஆள் இருக்காங்க” என்றாள் தம்பி மனைவி. அதுக்குத்தானே ஆள். மடிப்பு முதல்முறையாக விருந்தாளிப் பையில் துணி வைத்துக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டார். கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சாயங்காலம் வந்தது. கோட்டு வரவில்லை.

வெள்ளைச் சட்டை, டை, பளபளக்கும் ஷூ, எல்லாம் போட்டுக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் பேன்ட் கசங்கும் என்று எழுந்து நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீழே துணி பிரிக்கிறவன் முதலில் காலரைத்தான் பார்ப்பான். உள்ளே மை எண் இருந்தால் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலைக்காரர் துணிக் குவியலில் எறிவான். அந்தக் குவியலை, விருந்தாளிகள் துணியெல்லாம் முடிந்த பிறகுதான் தொடுவார்கள். அவரே அப்படி எத்தனை துணியை எறிந்திருக்கிறார்! ‘என் கையாலேயே எழுதிக் கொடுத்தேனே’ என்று நெற்றியில் அடித்துக்கொண்டு கதவைத் திறந்து நடைக்கு வந்தார்.

எதிர் அறை வாசலில் குடும்பமே புறப்பட்டு நின்றது. தம்பி கறுப்புக் கோட்டு, தம்பி மனைவி கரும்பச்சை நீளக் கவுன், காண்ட்ராக்டர் வெள்ளைக் கோட்டில் மாப்பிள்ளையே தோற்றுப்போகும் கோலம்.

“எங்க மாப்பிள்ளை உங்க கோட்டு?”

“தேய்க்கப் போட்டது இன்னும் வரலை.”

“அட, என்னோடது ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு. ஆனா அதைப் போட்டா நீங்க உள்ள காணாமப் போயிடுவீங்க. அப்புறம் நாங்க கடல்ல தேடணும்!”

எல்லோரும் சிரிக்கும்போதே நடையின் கோடியிலிருந்து, இந்தக் கப்பலில் துணி எடுக்கவும் கொடுக்கவும் மேலே வருகிற சலவை ஆள் ஒருவன் வந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஹேங்கரில் சாம்பல் நிறக் கோட்டு. அவர்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று, பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“சார், மன்னிச்சுக்குங்க. இந்தக் கோட்டுல எங்க ஆளுங்க போடற மாதிரி நம்பர் இருக்கு. ஆனா கீழ இந்த நம்பர்ல யாருமே இல்ல. இந்த வரிசையில எடுத்த பையில வந்திருக்கலாம்னு சந்தேகம். உங்களோடதா சார்?”

தம்பிதான் பக்கத்தில் நின்றான். சலவை ஆள் அவனிடம் காலரை விரித்துக் காட்டினான். விளக்கு வெளிச்சத்தில் 417 நன்றாகத் தெரிந்தது. ஐந்து வருஷம் அவன் பின்கழுத்தில் உரசிக்கொண்டிருந்த எண். நாலு வளைந்து, ஏழுக்கு நடுவே குறுக்குக் கோடு போட்ட அதே கையெழுத்து. மடிப்பு தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண் அந்த எண்ணில் பட்டு, நின்று, அண்ணனிடம் வந்து, அங்கே நிற்காமல் நழுவிப் போனது.

“இல்லப்பா. இது எங்களோடது இல்ல” என்றான்.

“வேலைக்காரன் நம்பர் போட்ட கோட்டு நம்ம வீட்டுல எப்படிய்யா இருக்கும்? நல்ல ஆளுப்பா நீ!” என்று காண்ட்ராக்டர் சிரித்தார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

‘என்னோடதுப்பா’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்திருக்கலாம். மண்டபம் கிடைத்திருக்கும், தம்பி கைவிட்டுப் போயிருப்பான். மடிப்பு தொண்டையைச் செருமினார். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

“அண்ணே, காலையிலேருந்து தலை சுத்துதுன்னு சொன்னீங்களே. பேசாம ரெஸ்ட் எடுங்க. ரூமுக்கே சாப்பாடு அனுப்பச் சொல்றேன்.”

“அச்சச்சோ, சொல்லவே இல்லையே பெரியத்தான்!” என்றாள் தம்பி மனைவி.

சலவை ஆள் மடிப்பைப் பார்த்தான். மடிப்பு கோட்டைப் பார்த்தார். பின்பக்கச் சுருக்கம் போன இடம் தெரியவில்லை. தோள்பட்டையை அழகாகத் தூக்கி எடுத்திருந்தான்.

“ஆமா” என்றார் மடிப்பு. “கொஞ்சம் சுத்துது.”

அவர்கள் போன பிறகும் அறையில் உட்கார முடியவில்லை. படியிறங்கி மண்டபத்து வாசல்வரை போனார். வாசலில் நின்றவன் மரியாதையாகக் குனிந்து, “கோட்டு இருந்தாத்தான் சார் உள்ள போகலாம். மேல்தளத்துல எந்த டிரஸ்ல வேணும்னாலும் சாப்பிடலாம்” என்றான். யாரோ உள்ளே போகக் கதவு திறந்தது. அந்த ஒரு நொடியில் கிடைத்ததைப் பார்த்தார். விளக்கு, மேஜை, வரிசை வரிசையாக முதுகுகள். அத்தனை கோட்டும் நாற்காலியில் சாய்ந்து இடுப்புக்கு மேலே கசங்கியிருந்தன. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்திலேயே கசங்கியிருக்கும். இதற்காகவா மேலதிகாரியிடம் அத்தனை திட்டு வாங்கினோம், இதற்காகவா கை வெந்தது என்று நினைத்தார். கசங்கிய முதுகுகளில் ஒன்று தம்பியுடையது. மாமனார் சொன்ன எதற்கோ அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கதவு மூடிக்கொண்டது.

மேல்தளத்தில், ஈரத் தலையும் அரைக்கால் சட்டையுமாக இருந்தவர்களுக்கு நடுவே, டை கட்டியவர் அவர் ஒருவர்தான். ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தார்.

காலையில் தம்பி மனைவி போட்டோவைக் காட்டினாள். எல்லோரும் இருந்தார்கள். “நீங்க நிக்கிறதுக்கு இடம்கூட விட்டிருந்தோம் பெரியத்தான்” என்று தம்பிக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினாள். தம்பி பல் குத்திக்கொண்டிருந்தான்.

நடையில் சலவை ஆள் தள்ளுவண்டியில் அழுக்குத் துணிப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். கறுப்புக் கோட்டுகள், கவுன்கள். விடிந்துவிட்டது. மடிப்பைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அண்ணே, அது உங்க கோட்டுதானே?” என்றான்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“நேத்து எல்லாரும் நம்பரைப் பாத்தாங்க. நீங்க முதுகைப் பாத்தீங்க, சுருக்கம் போயிருக்கான்னு. எந்தக் கப்பல்லண்ணே இருந்தீங்க?”

மடிப்பு சொன்னார். அவன் புருவத்தை உயர்த்தினான். “அலமாரியிலதான் தொங்குது. யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்து தரட்டுமா?”

“வேண்டாம். கேட்பாரில்லாத துணின்னு ஆயிடுச்சு. அப்படியே போகட்டும்.”

அவன் தலையைச் சொறிந்தான். “தப்பா நினைக்காதீங்க. அப்ப நான் கேட்டு வாங்கிக்கவா? எனக்கு இல்ல. ஊர்ல தம்பி படிக்கிறான், கடைசி வருஷம். இன்டர்வியூக்குப் போறதுக்கு நல்லதா ஒண்ணு வேணும்னு சொல்லிக்கிட்டிருக்கான்.”

மடிப்பு அவனை நன்றாகப் பார்த்தார். மணிக்கட்டில் இஸ்திரி சுட்ட தழும்பு, புதியது, இன்னும் சிவப்பு மாறவில்லை.

“வாங்கிக்க. ஆனா தம்பிக்கு அனுப்பாத. நீ போட்டுக்க.”

அவன் சிரித்தான். “நானா? நான் எங்கண்ணே போட்டுக்கிட்டுப் போவேன்?”

அப்போது நடையின் கோடியில் கதவு திறந்து, தொப்பியும் துண்டுமாக ஒரு குடும்பம் நீச்சல்குளத்துக்குப் புறப்பட்டு வந்தது. அவன் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான். அவர்கள் கடந்து போகும்வரை, அவனுக்குப் பக்கத்தில், மடிப்பும் அப்படியே நின்றார்.